முப்பத்தொரு சைபர்

அதியமான்கோட்டை சுகுணாவுக்கு நாற்பத்தோரு வயது. அதில் பதினான்கு வருஷம் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்டே கழிந்திருக்கிறது. கழிப்பறை இருக்கிறதா, இருந்தால் அதற்குள் போகிறீர்களா, இல்லை விறகு அடுக்கி வைத்திருக்கிறீர்களா. கறவை மாடு எத்தனை, அதில் பால் கொடுக்கிறது எத்தனை. கடைசிப் பிரசவம் எங்கே நடந்தது. எந்த நிறுவனம் ஆய்வு நடத்தினாலும் தர்மபுரி மாவட்டத்துக்கு ஆள் தேவையென்றால் முதல் போன் சுகுணாவுக்குத்தான். அவள் பார்க்கும் உத்தியோகத்துக்கு ஆங்கிலத்தில் ஏதோ நீளமான பெயர் உண்டு. ஊரில் அவள் பெயர் 'கணக்கெடுக்கற சுகுணா'. அவள் புருஷன் முனிராஜ் நெடுஞ்சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். "ஊர்ல இருக்கறவங்கள எல்லாம் சாப்டீங்களான்னு கேட்டு எழுதறா. என்னையக் கேக்க மட்டும் அவகிட்ட ஃபாரம் இல்லீங்க" என்று டயர் கழற்ற நிற்கும் லாரிக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

இந்தத் தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு கர்வம். ஆளைப் பார்க்காமல் ஒரு படிவம்கூட நிரப்பியதில்லை. அரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, வடையைக் கடித்துக்கொண்டே இருபது குடும்பத்தின் வாழ்க்கையை எழுதி முடிக்கிறவர்களை அவளுக்குத் தெரியும். அவர்களுடைய படிவங்கள் அழகாக இருக்கும். எல்லாக் குடும்பத்திலும் நான்கு பேர், எல்லாருக்கும் சுமாரான காய்ச்சல். சுகுணாவின் படிவங்கள் கோணல்மாணலாக இருக்கும். மனுஷர்கள் அப்படித்தானே இருக்கிறார்கள் என்பாள்.

இந்த வருஷம் வந்த ஆய்வு இளம் வயதினரும் அவர்கள் படிக்கிற இலக்கியமும் பற்றியது. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்காரர்கள் என்ன கதை படிக்கிறார்கள், புத்தகத்திலா போனிலா, யார் கொடுத்தார்கள், படித்ததை யாரோடு பேசுகிறார்கள். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். முதல் முறையாக யாருடைய கழிப்பறைக்குள்ளும் தலையை நீட்ட வேண்டாத ஆய்வு என்று சுகுணா சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் பொம்மிடியில் முதல் வீடு வரைக்கும்தான். "கடந்த பன்னிரண்டு மாதங்களில், பாடநூல்கள் தவிர்த்து, தாங்கள் இன்பம் கருதி வாசித்த புனைவுகளின் எண்ணிக்கை யாது?" என்று சென்னையில் யாரோ எழுதிக் கொடுத்ததை ஒரு பெண்ணிடம் அப்படியே வாசித்தாள். உள்ளே குழம்பு தாளித்துக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "என்னாத்தக் கருதி? என்னா கேள்வி கேக்கற நீ வயசுப் பொண்ணுகிட்ட?" அந்தப் பெண்மணியைச் சமாதானம் செய்து உட்கார வைப்பதற்குள் சுகுணாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதற்குப் பிறகு, "பாடப் புத்தகம் இல்லாம, புடிச்சிப் போய்ப் படிச்ச கதை எத்தனை?" என்று கேட்டாள். பொம்மிடி முழுக்கப் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசினார்கள். ஒருவன் பேய்க்கதை ஒன்றை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அவன் போக வேண்டிய ரயில் போய்விட்டது.

அடுத்து சித்தேரி மலை. அங்கே அவளுக்கு ஒதுக்கிய ஊரில் அந்த வயதில் முப்பத்தோரு பேர். மாசித் திருவிழாவுக்காகத் திருப்பூரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் எல்லாரும் ஊருக்கு வந்திருந்த வாரம் பார்த்துப் போனாள். தர்மபுரியில் ஒரு பஸ், அரூரில் ஒரு பஸ், மேலே இறங்கிய பிறகு முக்கால் மணி நேரம் நடை.

ஊருக்குச் சற்று மேலே ஒரு பாறை. டவர் அங்கே மட்டும்தான் கிடைக்கும். ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு திசையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் கோகுல்ராஜ் பக்கத்தில் போய் நின்றாள். அவன் போனில் எழுத்து வரிவரியாக ஓடியது. மேலே 'அத்தியாயம் 112' என்று இருந்தது.

"தம்பி, கதை கிதை படிக்கிறதுண்டா?"

"இல்லீங்க மேடம். பாட்டு கேட்டுக்கினு இருக்கன்."

"போன்ல எழுத்து ஓடுதே."

"அது விளம்பரங்க."

அடுத்தவனும் படிப்பதில்லை. அதற்கடுத்தவளும் படிப்பதில்லை. பாறையில் இருந்த அத்தனை பேரும் விளம்பரம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நாகன் வீடு. நாகன் காட்டுக்குப் போயிருந்தார். அவர் மகள் பிரியங்கா இருபது வயது, அரூர்ப் பக்கம் கல்லூரியில் கடைசி வருஷம். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஃபேன் எத்தனை, கேஸ் அடுப்பு உண்டா என்று எண்ணிக்கொண்டே நுழைவது சுகுணாவின் தொழில் வியாதி. அதனால் அந்தப் பெண் எதையோ ராகி மூட்டைக்கு அடியில் தள்ளியதும், அது ஒரு புத்தகம் என்பதும், ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் அவள் கண்ணில் பட்டுவிட்டன. கேள்வியைக் கேட்டாள். பிரியங்கா தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மாதம்மாள் முறத்தைப் பார்த்தாள்.

"அவளுக்கு எங்கீங்க நேரம்? காலேஜ் புக்கோட சரி" என்றாள் மாதம்மாள்.

சுகுணா பல்லைக் கடித்துக்கொண்டு சைபர் போட்டாள். பதில் சொல்கிறவர் சொன்னதுதான் பதில், நீ பார்த்தது உன்னோடு என்பது இந்தத் தொழிலின் சட்டம். புதிதாக வருகிற பெண்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். ஒன்பதாம் கேள்வியில் சைபர் விழுந்தால் டேப்லெட் ஒரே தாவாக நூற்று நான்காம் கேள்விக்குப் போய், பெயர், வயது, நன்றி என்று முடித்துவிடும். நாற்பது நிமிஷ வேலை ஆறு நிமிஷத்தில் முடிந்தது. இரண்டு நாளில் முப்பத்தோரு பேர், முப்பத்தோரு சைபர். இறங்கி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அப்படி என்னத்தைக் கேட்டுவிட்டேன் இவர்களை, நகையையா கேட்டேன்?

மூன்றாம் நாள் காலையில் மாதவராஜ் போன் செய்தான். தர்மபுரி மாவட்டத்துக்கு இந்த ஆய்வின் மேற்பார்வையாளர் அவன். இருபத்தெட்டு வயது. சுகுணா அவனை சார் என்பாள், அவன் அவளை அக்கா என்பான்.

"அக்கா, சித்தேரி டேட்டா பாத்தன். அத்தனையும் சைபர். ஒவ்வொண்ணும் ஆறு நிமிஷம்."

"அவங்க சொன்னத எழுதினன் சார்."

"எனக்குத் தெரியும்க்கா. சென்னையில பிரியதர்ஷினி மேடம்தான் நம்பல. இந்த ஆய்வே அவங்களோடதுதான? மலைக்கே போகாம பஸ் ஸ்டாண்டுல உக்காந்து போட்ட மாதிரி இருக்குதுன்றாங்க."

சுகுணாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. பதினான்கு வருஷம் எந்த டீக்கடை பெஞ்சில் உட்காராமல் தப்பித்து வந்தாளோ, அந்த பெஞ்சிலேயே அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். அதுவும் சித்தேரி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத ஒருத்தி.

"மூணு நாள் டைம் வாங்கியிருக்கன்க்கா. முப்பத்தொண்ணையும் திரும்ப எடுத்துருங்க. மறுபடி இப்பிடியே வந்தா பொய்க் கணக்குன்னு எழுதி உங்க பேரை லிஸ்டுலருந்து எடுத்துருவாங்க. அப்பறம் வேற எந்த நிறுவனமும் கூப்பிடாது."

மறுநாள் மீண்டும் இரண்டு பஸ், முக்கால் மணி நடை. வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஏறினாள். 'இன்பம் கருதி' எழுதின மகராசியைத் திட்டினாள். விளம்பரம் பார்க்கிற கோகுல்ராஜைத் திட்டினாள். நேற்றிரவு சார்ஜ் போட்டும் பாதியில் நிற்கிற டேப்லெட்டைத் திட்டினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது மாதம்மாள் வீட்டு வாசலில் நான்கைந்து பெண்கள் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரியங்காவும் இருந்தாள். சுகுணா பையைக் கீழே வைத்தாள். பயிற்சி வகுப்பில் சொன்ன பணிவெல்லாம் பறந்துபோயிற்று.

"ஏங்க்கா, உங்களுக்கு நான் என்னா பாவம் பண்ணன்? மூட்டைக்கு அடியில புக்கு இருக்குது. பாறையில புள்ளைங்க நாளெல்லாம் கதை படிக்குதுங்க. கேட்டா ஊரே இல்லன்னு சொல்லுது. நான் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து பொய்யா எழுதினன்னு சொல்லி என் வேலையே போவப் போவுது. இந்த மலையில ஒருத்தருக்கும் கதை படிக்கிற பழக்கமே இல்லன்னு நாளைக்கு அச்சுல வரும். அது உங்களுக்குப் பெருமையா?"

மாதம்மாள் புளி தட்டுவதை நிறுத்தவில்லை.

"அஞ்சு வருசத்துக்கு முன்ன இதே வாசலுக்கு ஒருத்தி வந்தா" என்றாள். "நீலக் கலரு பேகு. டீவி இருக்குதா, வண்டி இருக்குதா, பீரோ இருக்குதான்னு கேட்டா. எங்க வூட்டுக்காரரு ரிமோட்டக் கையில வெச்சிக்கினு டீவியப் போட்டே காட்டினாரு. இருக்குதுன்னு எழுதுங்க மேடம்னு சொன்னாரு. காப்பி போட்டுக் குடுத்தன். குடிச்சிட்டு எழுதிக்கினு போனா."

அந்த நீல நிறப் பை இன்னும் சுகுணாவின் வீட்டுப் பரணில்தான் இருந்தது. காப்பியில் பனைவெல்லம் போட்டிருந்தார்கள் என்பதுகூட இப்போது நினைவுக்கு வந்தது. பதினான்கு வருஷத்தில் ஆயிரக்கணக்கான வாசல். எதை என்று நினைவில் வைத்திருப்பாள்?

"இதுக்கும் எதுக்கும் சம்மந்தம் இல்ல, சும்மா ஆராய்ச்சிக்குன்னு சொன்னா. ஆறு மாசம் கழிச்சி கவருமெண்டு வூடு கட்டிக் குடுக்கற லிஸ்டு வந்துச்சி. இருக்குதுன்னு சொன்ன பன்னண்டு வூட்டுக்கும் பேரு இல்ல. இல்லன்னு சொன்னவங்களுக்கு எல்லாம் வந்துச்சி. அன்னைக்கே ஊர்ல பேசி வெச்சிக்கினோம். கையில பலகைய எடுத்துக்கினு யாரு வந்தாலும் இல்லன்னுதான் சொல்றது. அதுவும் நீயே திரும்ப வந்து நிக்கற."

"அந்த லிஸ்டுக்கும் எங்களுக்கும் சம்மந்தமே இல்லீங்க்கா. நாங்க வேற, அவங்க வேற."

"அப்பவும் இதத்தான சொன்ன?"

"சரி, கதை படிக்கிறதுக்கும் வூட்டுக்கும் என்னா இருக்குது?"

"டீவிக்கும் வூட்டுக்கும் என்னா இருந்துச்சி? இப்ப புது லிஸ்டுக்கு எழுதிக்கினு போயிருக்காங்க. இந்தத் தடவையாவது எங்க பேரு வரணும். புக்கு வாங்கிப் படிக்கிற வசதி இருக்குதுன்னு எவனாவது எழுதிட்டான்னா?"

மேலே கூரையைப் பார்க்காமல் இருக்க சுகுணா முயன்றாள். முடியவில்லை. சிமெண்ட் ஷீட் மூன்று இடத்தில் விரிசல் விட்டு, அதன்மேல் தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் பெயர் விடுபட்டது அவள் எழுதியதால்தானா, எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் எதோடு சேர்ந்தது, அவளுக்குத் தெரியாது. அவள் எழுதிக் கொடுத்ததோடு சரி. அது எங்கே போகிறது என்று பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அந்த இடத்தில்தான் அவளுக்கு உறைத்தது. உறைத்ததும் மாதம்மாள் மேல் இருந்த கோபமெல்லாம் தன் மேலேயே திரும்பிக்கொண்டது.

பிரியங்கா எழுந்து உள்ளே போய், மூட்டைக்கு அடியில் இருந்ததை எடுத்து வந்து சுகுணாவின் மடியில் போட்டாள்.

"என்னையத்தானம்மா கேக்கறாங்க. எனக்கு இருவது வயசு ஆவுது, நான் சொல்றன்" என்றாள்.

அட்டை இல்லாத குண்டு நாவல். சாக்குச் சணலால் தைத்திருந்தது. கோகுல்ராஜ் திருப்பூரில் பழைய புத்தகக் கடையில் எடுத்து வந்ததாம். கடைசிப் பக்கத்தில் பத்தொன்பது கையெழுத்து. படித்து முடித்தவர் போட்டுவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும், அதுதான் இந்த ஊர்ப் பிள்ளைகளின் விதி. ஓரமெல்லாம் வேறு வேறு பேனாவில் சண்டை நடந்திருந்தது. 'இவள் ஏன் அவனை மன்னிக்க வேண்டும்?' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். 'மன்னிக்காமல் எங்கே போவாள்' என்று ஒருவன். 'பஸ் ஏறிப் போவாள்' என்று மூன்றாவது கை. படித்ததைப் பற்றி மற்றவர்களோடு கலந்துரையாடுவதுண்டா என்று எழுபத்தொன்றிலிருந்து தொண்ணூறு வரைக்கும் சென்னை மேடம் இருபது கேள்வி போட்டிருந்தாள். அத்தனைக்கும் பதில் சுகுணாவின் மடியில் கிடந்தது. இதைப் பார்த்தால் அந்த அம்மாள் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுவாள்.

"பதினாலு புக்கு படிச்சிருக்கன்க்கா. போன்ல படிச்சது தனி. என் பேரைப் போட்டு எழுதுங்க."

மாதம்மாள் முதல் முறையாகக் கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்தாள்.

"எழுதிக்கோ" என்றாள் சுகுணாவிடம். "ஆனா இதனால எங்க வூட்டுக்கு ஒண்ணும் வராதுன்னு உன் புள்ள மேல சத்தியம் பண்ணிட்டு எழுது."

சுகுணாவுக்கு ஒரே மகள், சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். சத்தியம் செய்ய வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே வாசலில் நின்று சொன்னபோது அவள் பொய் சொல்லவில்லை. முழுசாக நம்பித்தான் சொன்னாள். அதனாலேயே இப்போது சத்தியம் செய்ய முடியவில்லை. பெண்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரியும் இருந்தது. அழுதால் அதைவிட அவமானம்.

பிரியங்கா அவளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"சரிக்கா, எழுத வேணாம். ஆனா சைபர்னு மட்டும் போடாதீங்க."

"அப்பறம் என்னாத்தப் போடறது?"

"அது எனக்குத் தெரியாது. பத்தொம்போது பேர் படிச்சி சண்ட போட்டிருக்கோம். அதுக்கு சைபர் போடுவீங்களா?"

டேப்லெட்டில் இன்னொரு எண் உண்டு. தொண்ணூற்றொன்பது. 'பதில் கூற மறுத்தார்' என்று அர்த்தம். கணக்கெடுக்கிறவர்கள் யாரும் அதைத் தொட மாட்டார்கள். ஓர் ஊருக்கு மூன்றுக்கு மேல் போனால் ஆளைப் பேச வைக்கத் தெரியாதவள் என்று முத்திரை விழும். சுகுணா அன்றும் மறுநாளும் முப்பத்தோரு பேரிடமும் மறுபடி போனாள். கதை படிப்பீர்களா என்று கேட்கவில்லை. "நீங்க பதில் சொல்ல மாட்டன்னு சொன்னதா எழுதிக்கறன், சம்மதமா?" என்று கேட்டாள். அதில் யாருக்கும் கஷ்டம் இருக்கவில்லை. கோகுல்ராஜ் மட்டும், "அதனால ஒங்களுக்கு எதனா பிரச்சனை வருங்களா?" என்று கேட்டான். வரும் என்றாள்.

தொண்ணூற்றொன்பது போட்டால் காரணம் எழுதச் சொல்லி டேப்லெட் ஒரு கட்டத்தைத் திறக்கும். ஒருமுறை எழுதியதை எடுத்து அடுத்ததில் ஒட்ட அந்தச் சனியன் விடாது. முப்பத்தோரு தடவையும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்: 'ஐந்து வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஆய்வுக்கு இந்த ஊருக்கு வந்து, இதனால் எந்தப் பாதிப்பும் வராது என்று சொன்னோம். அதை நம்பி உண்மையைச் சொன்னவர்களுக்கு வீட்டுப் பட்டியலில் பெயர் வரவில்லை. அன்று வந்தது நான்தான்.'

மலையிறங்கி டவர் வந்த இடத்தில் அனுப்பினாள். அரை மணி நேரத்துக்குள், அரூர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோதே மாதவராஜ் கூப்பிட்டான்.

"என்னாக்கா இது? முப்பத்தொண்ணும் மறுத்துட்டாங்களா? எல்லாத்துலயும் ஒரே வாக்கியம்."

"காரணம் ஒண்ணுதான் சார்."

"இத மேடத்துக்கு அனுப்ப முடியாதுக்கா. ஒங்களுக்கு நீங்களே குழி தோண்டிக்கறீங்க. நான் ஒண்ணு சொல்றன், கேளுங்க. அந்தக் காரணத்த எல்லாம் அழிச்சிட்டு பழைய சைபரையே போட்டுருங்க. திருவிழா நேரம், ஆளுங்க அவசரத்துல சொல்லிட்டாங்கன்னு நான் பேசிக்கிறன். ஒங்க பேரு லிஸ்டுல இருக்கும்."

கூட்டத்தில் யாரோ ஒரு மூட்டையை அவள் காலில் வைத்தார்கள். சுகுணா காலை நகர்த்திக்கொண்டாள். அவன் நல்லவன்தான். உண்மையிலேயே உதவத்தான் பார்க்கிறான். அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது.

"சைபர் போட மாட்டன் சார். அங்க என்னா இருக்குதுன்னு நான் கண்ணால பாத்துட்டன்."

"அப்ப பாத்தத எழுதுங்க."

"நான் எழுதக் கூடாது."

"அப்பறம் யாருதாங்க்கா எழுதறது?"

"வூட்டு லிஸ்டு ஒட்டட்டும். அதுக்கப்பறம் வேற ஆள அனுப்புங்க சார். என் மூஞ்சியப் பாத்தா, அந்த ஊர்ல எழுதப் படிக்கவே தெரியாதுன்னுதான் சொல்லுவாங்க."